ஹோம் அலோன்: இரண்டு படங்களையும் மறுபடி பார்த்தால்

ஹோம் அலோன் இரண்டாம் பாகத்தைச் சிறுவயதில் தொலைக்காட்சியில் பார்த்தபோது முதல் பாகத்தைவிட அதுவே பிடித்திருந்தது என்றும், அண்மையில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது இரண்டாவது முழுக்க நகலாகத் தெரிந்தது என்றும், அப்படியானால் அதை இனிப் பொருட்படுத்த வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குழந்தைகளுக்கு எதைக் காட்டலாம் என்பது உங்கள் கேள்வியின் இன்னொரு பகுதி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பாகம் நகல்தான். காட்சி வரிசையைக் கூட மாற்றாத நகல். ஆனால் நகல் என்பதற்காக மட்டும் ஒரு நகைச்சுவைப் படத்தைத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் தெரிந்த வேடிக்கையை மறுபடி கேட்பதில் ஒரு சுகம் எல்லாருக்கும் உண்டு, குழந்தைகளுக்கு அது இன்னும் அதிகம். அதன் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. முதல் படத்தில், விடுமுறைக்குக் கிளம்பிய குடும்பம் மறந்து விட்டுப்போன ஒரு சிறுவன் தன் வீட்டைத் திருடர்களிடமிருந்து காக்கிறான்; அதில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் அந்த வீட்டுக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. இரண்டாம் படம் நிகழ்ச்சிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு காரணங்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டு வந்துவிட்டது. நடுவில் நியூயார்க் ஹோட்டலில் நடக்கும் பகுதி மட்டும் இதற்கு விதிவிலக்கு. அந்தப் பகுதி முதல் படத்தின் எந்த நகைச்சுவைக்கும் குறைந்ததல்ல என்பது என் எண்ணம்.

படங்களின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்வது பயன்படும். முதல் படம் 1990 நவம்பரிலும் இரண்டாவது 1992 நவம்பரிலும் வெளிவந்தன. இரண்டையும் எழுதித் தயாரித்தவர் ஜான் ஹியூஸ், இயக்கியவர் கிறிஸ் கொலம்பஸ், இசை ஜான் வில்லியம்ஸ். நடிகர்களும் ஏறத்தாழ அவர்களேதான்: கெவின் மெக்கலிஸ்டராக மெக்காலே கல்கின், தாய் கேட்டாக கேத்தரின் ஓ'ஹாரா, தந்தை பீட்டராக ஜான் ஹெர்ட், திருடர்கள் ஹாரியாகவும் மார்வாகவும் ஜோ பெஸ்கியும் டேனியல் ஸ்டெர்னும். முதல் படத்தை வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் செலவு கூடுகிறது என்று கைவிட, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய 1.8 கோடி டாலரில் எடுக்கப்பட்ட அப்படம் அமெரிக்காவில் தொடர்ந்து 12 வார இறுதிகள் வசூலில் முதலிடத்தில் இருந்து, உலகெங்கும் 47 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அப்படி ஓடிய படத்துக்கு இரண்டே ஆண்டில் அடுத்த பாகம் எடுப்பவர்கள் எதையும் மாற்றத் துணியாமல் இருந்ததில் வியப்பில்லை. அந்தப் பயம் இரண்டாம் படத்தின் ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது.

கெவின் எப்படி விடுபட்டுப் போகிறான் என்பதிலிருந்து தொடங்குவோம். இந்த வகைக் கதையில் மிகக் கடினமான இடம் அதுதான். நல்ல பெற்றோர் ஒரு பிள்ளையை மறந்துவிட்டு வேறு நாட்டுக்குப் பறந்துவிட்டார்கள் என்று பார்வையாளரை நம்ப வைக்க வேண்டும். நம்பிய பிறகும் அந்தத் தாயை வெறுக்காமல் இருக்க வைக்க வேண்டும். முதல் படம் இதற்குச் செலவிடும் உழைப்பு அசாத்தியமானது. சிகாகோவின் புறநகரான வின்னெட்காவில் ஒரு பெரிய வீடு; மறுநாள் பாரிஸ் செல்ல வேண்டிய நான்கு பெரியவர்களும் 11 பிள்ளைகளும் அதில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். இரவு உணவுக்கு வந்த பீட்சாவில் கெவினுக்குரியதை அண்ணன் பஸ் தின்றுவிட்டுக் கேலி செய்ய, கெவின் அவன்மேல் பாய்கிறான். பால் கொட்டுகிறது, பாஸ்போர்ட்டுகளும் டிக்கெட்டுகளும் நனைகின்றன. அவசரமாகத் துடைக்கும்போது கெவினின் டிக்கெட் நனைந்த காகிதங்களோடு குப்பைக்குப் போவதை ஒரு நொடிதான் காட்டுகிறார்கள். முதல்முறை பார்ப்பவர் கவனிக்கவே மாட்டார். தண்டனையாக அவன் மேல்மாடிப் பரண் அறைக்கு அனுப்பப்படுகிறான். இரவில் வீசும் காற்றில் மரக்கிளை முறிந்து மின்கம்பி அறுந்துபோக, அலார கடிகாரம் நின்றுவிடுகிறது. காலையில் எல்லாரும் பதறியடித்துக் கிளம்பும்போது, வேனுக்குள் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுச் சிறுவனையும் சேர்த்து எண்ணிவிடுவதால் கணக்குச் சரியாக வருகிறது. விமானத்தில் பெரியவர்கள் முதல் வகுப்பிலும் பிள்ளைகள் பின்னாலும் அமர்வதால் தாயின் கண்ணுக்கும் தெரியவில்லை.

இத்தனை கண்ணிகளில் ஒன்று அறுந்தாலும் கதை இல்லை. அதோடு அந்தக் காற்று தொலைபேசிக் கம்பிகளையும் அறுத்துவிட்டதால், பாரிஸிலிருந்து தாய் எத்தனை முறை அழைத்தும் வீட்டுக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. இதில் ஓட்டை இல்லாமல் இல்லை. அதே வீட்டுத் தொலைபேசியில் கெவின் பீட்சா வரவழைக்கிறான், கடைசியில் போலீஸையும் அழைக்கிறான். ஆனால் படம் ஓடும்போது இந்த முரண் உறைக்காது. மருந்துக் கடையில் பயந்து ஓடும்போது பல் துலக்கும் பிரஷ் ஒன்றைக் காசு கொடுக்காமல் கையோடு எடுத்துவந்துவிட்ட கெவின், தன்னையே ஒரு குற்றவாளி என்று நினைத்துக்கொள்கிறான். போலீஸிடம் போக அவனுக்கு மனத்தளவில் ஒரு தடை இருக்கிறது.

இரண்டாம் பாகத்திலும் குடும்பம் தூங்கிவிடுகிறது. இம்முறை தந்தை தன் வீடியோ கேமராவின் பேட்டரியைச் செருகுவதற்காகக் கடிகாரத்தின் இணைப்பைப் பிடுங்கிவிடுகிறார். விமான நிலையம் வரை கெவின் குடும்பத்தோடுதான் வருகிறான், அவனுடைய டிக்கெட் அவன் கையிலேயே இருக்கிறது. கேசட் ரெக்கார்டருக்கு பேட்டரி மாற்ற நின்றவன், தந்தையுடையதைப் போன்ற கோட்டு அணிந்த வேறொருவரைப் பின்தொடர்ந்து ஓடுகிறான். விமானத்தின் வாசலில் ஊழியர்மீது மோதி, டிக்கெட்டுகள் எல்லாம் கீழே சிதறி, நியூயார்க் விமானத்தில் ஏறிவிடுகிறான். குடும்பம் ஃபுளோரிடாவின் மயாமிக்குப் போகிறது. இது நடக்கக்கூடியதுதான், வேடிக்கையாகவும் இருக்கிறது. ஆனால் இதில் அந்தக் குடும்பத்தின் குணம் எதுவும் இல்லை. யாருக்கும் நேரக்கூடிய ஒரு விபத்து. முதல் படத்தில் அவன் விடுபட்டதற்கு அந்த வீட்டின் இரைச்சலும், கடைக்குட்டியை யாரும் மதிக்காத பழக்கமும், முந்தைய இரவின் சண்டையும் காரணம்.

அந்தச் சண்டையின் முடிவில் பேசப்படும் சொற்களைக் கவனியுங்கள். முதல் படத்தில் பரணுக்குப் போகும் வழியில் கெவின் தாயிடம், உங்கள் யாரையும் இனி என் வாழ்நாளில் பார்க்கவே வேண்டாம் என்கிறான். இன்னொரு முறை சொல், நடந்தாலும் நடக்கும் என்கிறாள் அவள், கோபத்தில். அவனும் சொல்கிறான். காலையில் எழுந்தால் வீடு காலியாக இருக்கிறது. எட்டு வயதுப் பையனுக்கு அதிலிருந்து கிடைக்கும் முடிவு ஒன்றுதான்: தன் குடும்பத்தைத் தானே மறையச் செய்துவிட்டான். முதலில் கட்டிலில் குதிக்கிறான், ஐஸ்கிரீமை அள்ளித் தின்கிறான், அண்ணனின் அறையைக் குடைகிறான். ஓரிரு நாளில் அந்தக் கொண்டாட்டம் வடிந்து, தான் கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா என்று கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்டவரிடம் போய்க் கேட்கும் நிலைக்கு வருகிறான். படத்தின் சிரிப்புக்கெல்லாம் அடியில் இந்தக் குற்ற உணர்வு ஓடுகிறது. பெரியவர்களும் இப்படத்தோடு ஒட்டிக்கொண்டதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் படத்தில் அதே படிக்கட்டு, அதே பரண் அறை, அதே தாய். பள்ளி இசை நிகழ்ச்சியில் கெவின் தனியாகப் பாடும்போது பின்னால் நின்ற பஸ் கேலி செய்து அவையைச் சிரிக்க வைக்க, கெவின் அவனை அடிக்க, பாடகர் குழு முழுவதும் சரிந்து விழுகிறது. பஸ் வீட்டார்முன் நயமாக மன்னிப்புக் கேட்டுத் தப்பிக்கிறான்; கெவின் மறுக்கிறான். இந்த இடத்தில் கெவினின் பக்கம் இருக்கும் நியாயம் முதல் படத்தைவிட வலுவானது என்று சொல்ல வேண்டும். ஆனால் அடுத்து அவன் சொல்வது வேறு: என்னிடம் பணம் இருந்தால் உங்கள் யாரும் இல்லாமல் தனியாக விடுமுறைக்குப் போவேன். போன வருஷம் உன் ஆசை நிறைவேறியது, இந்த வருஷமும் நிறைவேறலாம் என்கிறாள் தாய். அப்படியே நடக்கிறது. தந்தையின் பையும், அதிலிருக்கும் ரொக்கமும் கிரெடிட் கார்டும் அவனோடு நியூயார்க்குக்கு வந்துவிடுகின்றன.

ஆக முதல் படத்தில் அவன் கேட்டது குடும்பம் மறைய வேண்டும் என்பது, இரண்டாம் படத்தில் கேட்டது விடுமுறை. குடும்பம் ஃபுளோரிடாவில் பத்திரமாக இருப்பது அவனுக்குத் தெரியும், தான் எதையும் செய்துவிட்டதாக அவனுக்குப் பயமில்லை, கையில் பணமும் இருக்கிறது. தனிமை என்பது இங்கே ஒரு சுற்றுலா. முதல் படத்தில் துணி துவைக்க அடித்தளத்துக்கு இறங்குவதற்கே அவன் நடுங்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அங்கே நெருப்பு உமிழும் கொதிகலன் ஒன்று அரக்கனைப்போல அவனைப் பார்த்துச் சிரித்தது. பிறகொரு நாள் அதே கொதிகலனைப் பார்த்து, வாயை மூடு என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்கிறான். அவன் வளர்ந்துவிட்டான் என்பதற்கு அந்த ஒரு காட்சி போதும். நியூயார்க்கில் அவன் வெல்ல வேண்டிய அத்தகைய பயம் ஏதும் எழுதப்படவில்லை.

இப்போது ஹோட்டலுக்கு வருகிறேன்; இரண்டாம் படத்தின் பக்கம் நான் மனமுவந்து நிற்பது இங்கேதான். பிளாசா ஹோட்டலில் ஒரு சிறுவன் தனியாக அறை எடுப்பது எப்படி என்ற சிக்கலை ஹியூஸ் அழகாக அவிழ்த்திருக்கிறார். கெவினிடம் இருக்கும் டாக்பாய் என்னும் கேசட் ரெக்கார்டர் குரலை மெதுவாக்கி ஒலிக்கும். தன் குரலை அதில் பதிந்து, கனத்த ஆண் குரலாக்கித் தொலைபேசியில் அறை பதிவு செய்கிறான். ஊருக்குக் கிளம்பும் முன்பே குளியலறையில் பாடிக்கொண்டிருந்த ஃபிராங்க் மாமாவின் அதட்டலும் அதே கேசட்டில் பதிவாகியிருக்கிறது. தலைமை வரவேற்பாளர் ஹெக்டர் சந்தேகப்பட்டு அறைக்குள் நுழையும்போது, ஷவர் திரைக்குப் பின்னால் காற்றடைத்த கோமாளி பொம்மை ஒன்று ஆட, ஃபிராங்க் மாமாவின் குரல் அவரைத் திட்டி விரட்டுகிறது. பின்னர் திருடர்கள் தங்கள் திட்டத்தைப் பேசுவதும் அதே கருவியில் பதிவாகிப் போலீஸுக்குச் சாட்சியாகிறது. ஒரே பொருள் மூன்று வேலை செய்கிறது, மூன்றும் முன்கூட்டியே விதைக்கப்பட்டவை. முதல் படத்தின் கைத்திறன் இரண்டாம் படத்தில் முழுதாகத் தெரியும் இடம் இதுதான். படத்துக்காக உருவாக்கப்பட்ட அந்தக் கருவியைக் குழந்தைகள் கடைகளில் கேட்கத் தொடங்கி, குரலை மெதுவாக்கும் வசதியோடு அது 1993-இல் விற்பனைக்கே வந்தது.

ஹெக்டராக வரும் டிம் கர்ரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவருடைய சிரிப்பு ஒரு மரியாதையும் ஒரு மிரட்டலுமாக ஒரே முகத்தில் விரிகிறது. கெவினின் கார்டு திருடப்பட்டது என்று கணினித் திரையில் தெரிந்ததும் அவர் உதடுகள் காதுவரை நீள, அந்தச் சிரிப்பை, கெவின் அறையில் பார்த்துக்கொண்டிருக்கும் கார்ட்டூனில் வரும் கிரிஞ்சின் சிரிப்போடு இணைத்து வெட்டியிருக்கிறார்கள். கொலம்பஸும் படத்தொகுப்பாளர் ராஜா கோஸ்னெலும் சேர்ந்து செய்த மிகச் சிறந்த வேடிக்கைகளில் அதுவும் ஒன்று. முதல் படத்தில் கெவின் பீட்சா கொண்டுவரும் பையனை விரட்டப் பயன்படுத்திய போலிக் கறுப்பு வெள்ளை அடிதடிப் படத்துக்கும் இங்கே அடுத்த பாகம் உண்டு. அதிலிருந்து ஒலிக்கும் துப்பாக்கிக்காரனின் மிரட்டலுக்குப் பயந்து, ஹெக்டரும் மற்ற ஊழியர்களும் மண்டியிட்டு, உங்களை நேசிக்கிறேன் என்று கூட்டாகச் சொல்லும் காட்சிக்கு நான் இன்றும் சிரிக்கிறேன். அறிவாளியாகத் தன்னை நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் சிறுவனிடம் தோற்பது, முட்டாள்கள் தோற்பதைவிடச் சுவையானது. படம் இந்த ஹெக்டரையே முதன்மை எதிரியாக வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ரசிகர்கள் ஹாரியையும் மார்வையும் எதிர்பார்ப்பார்கள் என்பதற்காக, சிறையிலிருந்து தப்பிய அவர்கள் மீன் வண்டியில் மறைந்து அதே ஊருக்கு, அதே நாளில் வந்து இறங்குகிறார்கள். அமெரிக்காவில் ஊர்களுக்கா பஞ்சம்!

பொறிகள் வைக்கும் பகுதியில்தான் இரண்டு படங்களுக்கும் உள்ள தூரம் மிகத் துலக்கமாகத் தெரிகிறது. முதல் படத்தில் கெவின் பயன்படுத்தும் பொருள்களை நினைவுபடுத்திப் பாருங்கள். அண்ணனின் ஏர்கன், அண்ணன் வளர்க்கும் பெரிய சிலந்தி, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் கண்ணாடிக் குண்டுகள், விளையாட்டுக் குட்டிக் கார்கள், பெயின்ட் டப்பாக்கள், தலையணை இறகு, இஸ்திரிப் பெட்டி, தோட்டத்து மர வீடு. இவற்றில் பலவற்றை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். தனியாக இருந்த முதல் நாளிலேயே அவன் அந்த ஏர்கனால் பொம்மைகளைச் சுட்டு, அழுக்குத் துணியை மேலிருந்து அடித்தளத்துக்குப் போடும் குழாயில் விழச் செய்கிறான். பிறகு அதே குழாய் வழியாகத்தான் இஸ்திரிப் பெட்டி மார்வின் முகத்தில் வந்து விழுகிறது. அண்ணனின் அலமாரி சரிந்தபோது தப்பிய சிலந்திதான் உரிய நேரத்தில் கெவினின் கைக்குக் கிடைக்கிறது. வீட்டின் உட்புறம் பெரும்பகுதி, மூடப்பட்டுக் கிடந்த ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் போட்ட அரங்கு. இருந்தும் எந்தக் கதவு எங்கே திறக்கும், எந்தப் படி எங்கே இறங்கும் என்பது ஒரு மணி நேரத்தில் நமக்குப் பாடமாகிவிடுகிறது. அதனால் ஹாரி முன்வாசலுக்குப் போகும்போது, நமக்கு அவனைவிட அதிகம் தெரிந்திருக்கிறது.

அந்த முன்வாசல் காட்சியைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். கெவின் கதவின் உட்புறக் குமிழில் கரி பற்றவைக்கும் மின்கம்பியை மாட்டிவிடுகிறான். வெளிப்புறக் குமிழ் மெல்ல மெல்லச் செந்நிறமாகிறது. பனி உறைந்த படிகளில் ஏற்கெனவே வழுக்கி விழுந்த ஹாரி, இந்த முறை கைப்பிடியைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி ஏறி வருகிறான். குமிழின்மேல் கை வைக்கிறான். அவன் அலறிக்கொண்டு கையைப் பனியில் புதைக்கும்போது புஸ்ஸென்று ஆவி எழுகிறது. பிறகு உள்ளங்கையைப் பார்த்தால், குமிழில் பொறித்திருந்த மெக்கலிஸ்டர் குடும்பத்தின் முதலெழுத்து அப்படியே சூடாகப் பதிந்திருக்கிறது. இதில் வலி இருக்கிறது, காத்திருப்பு இருக்கிறது, வேடிக்கையும் இருக்கிறது. அந்த வீடே திருடன்மேல் முத்திரை குத்தி அனுப்புகிறது.

இரண்டாம் படத்தில் இந்தச் சண்டை நடப்பது கெவினின் மாமா ஒருவருடைய வீட்டில். பழுதுபார்ப்பு வேலை நடப்பதால் ஆளில்லாமல் பாழடைந்து கிடக்கிறது. நாம் அதற்குமுன் அந்த வீட்டுக்குள் ஒரு நாள்கூட இருந்ததில்லை, கெவினும் அங்கே வாழவில்லை. அதனால் அறைக்கும் அறைக்கும் என்ன தொடர்பு, மேலே எத்தனை மாடி, தரையில் ஓட்டை எங்கிருக்கிறது என்பதெல்லாம் விழும்போதுதான் தெரிகிறது. பொருள்களும் கட்டட வேலைக்குரியவை: ஆணியடிக்கும் துப்பாக்கி, இரும்புக் குழாய், மண்ணெண்ணெய், செங்கல், வெல்டிங் கருவி. இவற்றில் சிறுவனின் உலகம் எதுவும் இல்லை. காயத்தின் அளவும் கூடிவிடுகிறது. இரண்டு படத்திலும் ஹாரியின் தலையில் தீப்பற்றுகிறது, ஒரே வேடிக்கைதான். முதல் படத்தில் ப்ளோ டார்ச்சின் சுடர் அவன் தொப்பியைத் தின்ன, அவன் ஓடிப்போய்த் தலையைப் பனியில் செருகுகிறான். இரண்டாம் படத்தில் தீயோடு கழிப்பறைக்கு ஓடித் தலையைப் பீங்கானில் முக்க, அதில் கெவின் முன்பே எரியும் திரவத்தை ஊற்றி வைத்திருப்பதால் அந்த அறையே வெடிக்கிறது. மார்வ் கை கழுவக் குழாயைத் தொட்டதும் மின்சாரம் பாய்ந்து எலும்புக்கூடாகத் தெரிகிறான். கார்ட்டூன் இலக்கணம் இது. அப்படியே ஏற்றுக்கொண்டால் சிரிப்பு வரும். ஆனால் மூன்று மாடிக் கூரையிலிருந்து ஒரு சிறுவன் நின்று குறிபார்த்து, கீழே நிற்பவரின் நெற்றியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செங்கற்களை எறியும்போது, அதில் பொறி என்று எதுவுமே இல்லை, வெறும் அடிதான் இருக்கிறது. முதல் படத்தில் அவன் வாசலில் காவல் நிற்கிறான், திருடர்கள் தாங்களாக வந்து மாட்டிக்கொள்கிறார்கள். இங்கே அவன் வலை விரித்து அவர்களை வரவழைக்கிறான். பொம்மைக் கடைக்காரர் டங்கன் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தைக் காப்பாற்றுவது நல்ல நோக்கம்தான். ஆனால் பணத்தைக் காப்பாற்றுவதற்கு அவன் ஏற்கெனவே கடையின் கண்ணாடியை உடைத்து எச்சரிக்கை மணியை அடிக்கச் செய்துவிட்டானே.

நியாயமாகச் சொன்னால், இரண்டாம் படத்தின் பொறிகளில் ஒன்று முதல் படத்தைத் தெரிந்திருப்பதாலேயே சிறப்பாக அமைந்தது. மாடிப்படியில் கயிற்றில் கட்டிய பெயின்ட் டப்பா வரும் என்று திருடர்களுக்கு இப்போது தெரியும். குனிந்து தப்பிக்கிறார்கள், இம்முறை ஏமாறவில்லை என்று பெருமைப்படுகிறார்கள். எழுந்து நின்றதும் பெரிய இரும்புக் குழாய் ஒன்று ஊசலாடி வந்து இருவரையும் அள்ளிக்கொண்டு போகிறது. பழைய வேடிக்கையை அறிந்தவர்களுக்கென்றே செய்த இத்தகைய புதிய வேடிக்கைகள் இன்னும் நான்கைந்து இருந்திருந்தால், நகல் என்ற குற்றச்சாட்டுக்கே இடமிருந்திருக்காது.

அடுத்தது, அச்சமூட்டும் அயலார். முதல் படத்தில் கிழவர் மார்லி. இரண்டாவதில் மத்தியப் பூங்காவில் புறாக்களோடு வாழும் பெண். இருவரையும் கெவின் கண்டு நடுங்குகிறான், பிறகு பேசுகிறான், அவர்களுக்கு ஓர் அறிவுரை சொல்கிறான், இறுதியில் அவர்களால் காப்பாற்றப்படுகிறான். புறாப் பெண்ணாக வரும் பிரெண்டா ஃபிரிக்கர் ஆஸ்கார் வென்ற அயர்லாந்து நடிகை. கார்னகி ஹாலின் பரணில், கீழே இசை ஒலிக்க, தன்னை நேசித்தவர் விலகிப்போன கதையை அவர் சொல்லும்போது அவருடைய முகம் கதாபாத்திரத்தைக் காப்பாற்றுகிறது. பாழாகிவிடும் என்று பயந்து உருளைக் காலணிகளைப் பெட்டியிலேயே வைத்திருந்து, கடைசியில் கால் வளர்ந்துவிட்டதால் அவை உதவாமல் போனதை கெவின் சொல்கிறான். குழந்தை வாயில் இயல்பாக வரக்கூடிய உவமை, நல்ல எழுத்து.

ஆனால் கதையமைப்பில் மார்லியின் இடம் வேறு. தன் குடும்பத்தையே பனி வாரும் மண்வெட்டியால் கொன்றவர் என்று அவரைப் பற்றிப் பஸ் அவிழ்த்துவிடும் புரளியோடு படம் தொடங்குகிறது. அவர் உண்மையில் தெருவின் பனியை வாரி உப்புத் தூவும் முதியவர், அவ்வளவுதான். தேவாலயத்தில் பேத்தி பாடுவதைத் தொலைவிலிருந்து பார்க்க வந்தவர், மகனோடு சண்டையிட்டுப் பல ஆண்டுகளாகப் பேச்சில்லை என்கிறார். அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்கிறான் சிறுவன். புரளியில் கொலைக் கருவியாக இருந்த அதே மண்வெட்டிதான் இறுதியில் ஹாரியின் தலையில் இறங்கிக் கெவினை மீட்கிறது. கிறிஸ்துமஸ் காலையில் மார்லி தன் மகனையும் பேத்தியையும் கட்டியணைப்பதை கெவின் சன்னல் வழியே பார்க்கிறான். அவர் நிமிர்ந்து கையசைக்கிறார். மார்லியாக நடித்த ராபர்ட்ஸ் பிளாசம் அதில் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. ஓ'ஹாராவின் தாய்மையை விடவும் அந்தக் காட்சிதான் என்னை ஒவ்வொரு முறையும் அசைக்கிறது.

புறாப் பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது? டங்கன் கொடுத்த இரண்டு சிறிய புறாப் பொம்மைகளில் ஒன்றைக் கெவின் அவளிடம் தருகிறான், நட்பு நிலைக்கும் என்கிறான், பிறகு தந்தை கத்துவது கேட்கவே பிளாசா ஹோட்டலின் கதகதப்புக்கு ஓடிவிடுகிறான். அவள் குளிரில் அதே பூங்காவில் நிற்கிறாள். வீடற்ற ஒருவரைக் கதைக்குள் கொண்டுவந்த படம், அவருடைய சிக்கல் மனத்தில் மட்டும் இருப்பதாக முடித்துக்கொள்கிறது. சிறுவயதில் நாம் இதைக் கவனித்திருக்க மாட்டோம். இப்போது பார்க்கும்போது, ஹோட்டல் அறை நிறையக் குவிந்த பரிசுப் பொட்டலங்களுக்கு அடுத்த காட்சியாக இது வருவது உறுத்துகிறது.

தாயின் பயணத்திலும் இதே மெலிவு உண்டு. முதல் படத்தில் கேட் பாரிஸிலிருந்து டல்லஸ், அங்கிருந்து ஸ்கிரான்டன் என்று கிடைத்த விமானத்தில் தொற்றிக்கொண்டு, கடைசியில் ஜான் கேண்டி நடித்த போல்கா இசைக்காரர் கஸ்ஸின் வண்டியில் பனிச் சாலையில் வருகிறாள். தானும் ஒருமுறை தன் பிள்ளையைச் சாவு வீட்டில் விட்டுவிட்டு வந்ததைச் சொல்லி அவர் ஆறுதல் கூறும்போது, அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் விழிப்பதில் ஓ'ஹாரா எவ்வளவு தேர்ந்த நகைச்சுவை நடிகை என்பது தெரியும். இரண்டாம் படத்தில் குடும்பம் மயாமியில் மழையில் மாட்டிக்கொண்டு அறைக்குள் அடைந்து கிடக்கிறது. கார்டு பயன்பட்ட இடம் தெரிந்ததும் எல்லாரும் விமானமேறி வந்துவிடுகிறார்கள். மீதி ஓரிரவுத் தேடல்தான். ராக்ஃபெல்லர் சென்டரின் பெரிய மரத்தடியில் தாயும் மகனும் சேரும் காட்சி பார்க்க மிக அழகு. அந்த இடத்துக்கு அவள் வந்து சேர அரும்பாடு எதுவும் படவில்லை என்பதுதான் குறை.

நியூயார்க் நகரம் படத்துக்கு இன்னொரு மதிப்பைத் தந்திருக்கிறது. கெவின் உலக வர்த்தக மையக் கோபுரத்தின் உச்சியில் நின்று நகரைப் பார்க்கும் காட்சியையும், பயணச் சீட்டைச் சரிபார்க்காமல் ஒரு சிறுவனை விமானத்தில் ஏற்றிவிடும் காட்சியையும் இன்று யாரும் எடுக்க முடியாது. அப்போது பிளாசாவின் உரிமையாளராக இருந்த டொனால்ட் டிரம்ப் வழி சொல்லிவிட்டுப் போகும் சில நொடிகளும் இருக்கின்றன. டங்கனின் பொம்மைக் கடையின் முகப்பு மட்டும் நியூயார்க் இல்லை, சிகாகோவின் ரூக்கரி கட்டடம். ஜான் வில்லியம்ஸ் முதல் படத்துக்கு அமைத்த இசைக்கும் பாடலுக்கும் ஆஸ்கார் பரிந்துரைகள் பெற்றார். இரண்டாம் படத்துக்கு அவர் புதிதாகச் சேர்த்த மெட்டுகள் நன்றாக இருந்தாலும், நெஞ்சில் நிற்பவை பழையவைதான்.

வசூலில் இரண்டாம் படம் உலகெங்கும் ஏறக்குறைய 36 கோடி டாலரைத் தொட்டது. தோல்வி என்று யாரும் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு வந்த பாகங்களில் கல்கின் இல்லை. 1997-இல் வேறொரு சிறுவனை வைத்து வந்த மூன்றாம் பாகத்தை இயக்கியவர் முதல் இரண்டையும் தொகுத்த கோஸ்னெல். அதையும் அதன்பின் வந்தவற்றையும் பார்த்த பிறகு இரண்டாம் பாகத்தின்மேல் எனக்கு மரியாதை கூடியது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கு எதைக் காட்டலாம் என்று கேட்டீர்கள். முதல் படத்தை முதலில் காட்டுங்கள். அதில் மார்லியும் கொதிகலனும் சிறியவர்களைப் பயமுறுத்தினாலும், அந்தப் பயத்தைப் படமே தீர்த்துவிடுகிறது. இரண்டாவதைச் சில நாள் இடைவெளி விட்டுக் காட்டினால் ஒரே கதை என்ற சலிப்பு தட்டாது. ஹோட்டல் காட்சிகளை அவர்கள் உங்களைவிட அதிகமாக ரசிப்பார்கள். செங்கல் காட்சி வரும்போது மட்டும் பக்கத்தில் இருங்கள். பெயின்ட் டப்பாவைக் கயிற்றில் கட்டி ஆட்டக்கூடிய மாடிப்படி எல்லா வீட்டிலும் இருக்காது, செங்கல் எந்தத் தெருவிலும் கிடைக்கும்.